தெற்கு முகம்

டர்பனில் சனிக்கிழமை, பத்துமணிக் கூட்டம்.
பதினோரு பேர், ஒரு குடை,
எல்லார் கையிலும் தண்ணீர் பாட்டில்.
சந்தை முனையில் மணிக்கூண்டு.
வடக்குப் பக்கம்தான் நிறுத்துவேன், படம் எடுக்கத் தோது:
வெயில் முதுகில் விழும்,
கோபுரம் முகத்துக்கு நேரே.

எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி:
'இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது.
புத்தகத்தில் இல்லாதது என்ன?'

இல்லாததற்கு என்னிடம் பஞ்சமில்லை.
கூண்டைக் கட்டிய ஸ்காட்லாந்துக்காரன்,
கப்பலேறிப் போன அவன் காதலி,
அவள் திரும்பும்வரை அடிக்கக் கூடாதென்று
அவன் கழற்றிக் கடலில் எறிந்த மணியின் நாக்கு.
அவ்வளவும் என் கைச்சரக்கு.
மழை பெய்த ஒரு மார்ச் மாதம்
பன்னிசௌ வாங்க வரிசையில் நின்றபோது செய்தது.
'மணியின் நாக்கு' வந்ததும் சற்று நிறுத்துவேன்.
யாராவது ஒருத்தர் 'ச்சோ' கொட்டுவார்.
அதற்குப் பிறகுதான் தொப்பியை நீட்டுவது.

அன்றைக்கு 'ச்சோ' வரவில்லை.
சிரிப்பு வந்தது.
பிரிட்டோரியாவில் செருப்பு வியாபாரம்;
பட்டியலில் லோகவதி படையாச்சி,
லோகி என்றால் போதுமாம்.
'இந்தக் கூண்டில் மணியே இருந்ததில்லை.
இருந்திருந்தால் எங்கம்மா மாட்டியிருப்பாள்.
இந்தப் பக்கம் வாங்க.'

பத்துப் பேரும் அவள் பின்னால் போனார்கள்.
வழிகாட்டி நான், கடைசியில்.

தெற்கே குப்பைத்தொட்டி, டாக்சிகளின் ஊதல்,
மைனாக்கள் சண்டைபோடும் கார் நிறுத்துமிடம்.
அது அப்போது சட்டைத் தொழிற்சாலையாம்.
நானூறு மிஷின், ஒரே ஒரு கதவு.
ஏழு மணிக்கு அடைபடும்.
ஒரு நிமிஷம் பிந்தினால் அரைநாள் கூலி போச்சு.
கதவடைக்கிறவனுக்குக் கைக்கடிகாரம் கிடையாது,
அண்ணாந்து பார்ப்பான்.
தெற்கு முகம்தான் அவனுக்கு வேதம்.
சாட்ஸ்வொர்த் பஸ்ஸோ
என்றைக்கும் ஏழு மூன்றுக்குத்தான் வரும்.

அம்மா காலர் தைப்பவள்.
கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க
வாரம் ஒருமுறை ஏணியோடு வருவார்
நகரசபை ஆள், சடையன்.
வெள்ளிக்கிழமை ஆளுக்கு ஒரு காசு முடிந்து
மேலே ஒரு ஜாடி மாங்காய் அச்சாறு.
அவர் ஏறினார்.
தெற்கு முள்ளின் திருகாணியை மட்டும் தளர்த்தி
நாலு நிமிஷம் பின்னுக்குத் தள்ளி
முடுக்கிவிட்டு இறங்கினார்,
வாயைத் துடைத்துக்கொண்டு.

மூன்று முகம் ஊருக்கு, ஒரு முகம் பஸ்ஸுக்கு.

கோயம்புத்தூர் எஞ்சினியர் விரலை உயர்த்தினார்:
'அப்படியானால் சாயங்காலமும்
நாலு நிமிஷம் பிந்தித்தானே விட்டிருப்பார்கள்?'
'சாயங்காலத்துக்குத் துறைமுகச் சங்கு' என்றாள்,
யாராவது கேட்கட்டும் என்று
இத்தனை வருஷம் காத்திருந்தவள்போல.

நான் மொபைலைப் பார்த்தேன். பத்து நாற்பத்தொன்று.
அண்ணாந்தேன். பத்து முப்பத்தேழு.
வடக்கே ஓடினேன்.
பத்து நாற்பத்தொன்று.

ஒன்பது வருஷமாக இதன் காலடியில் பிழைக்கிறேன்.
ஒருநாளும் சுற்றிவந்ததில்லை.

தொப்பியை நீட்டக் கை வரவில்லை.
லோகியே பிடுங்கி நீட்டினாள். நிரம்பியது.
பாதியைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.
'அம்மா பங்கு.'

வீடு திரும்பும்போது தோன்றியது:
முள் பிந்துவதை முந்தியே பார்த்துவைத்து
அவளும் ஏதோ ஒரு வரிசையில் நின்று செய்ததோ?
செய்திருந்தால் நேர்த்தியாகத்தான் செய்திருக்கிறாள்,
சங்கு வரைக்கும்.

இப்போதெல்லாம் தெற்கே நிறுத்துகிறேன்.
எதிர்வெயில், படம் கறுத்துப்போகும்.
உண்மையா என்று கேட்கிறார்கள்.
நகரசபைக்கு எழுதிக் கேட்கலாம்தான்.
எழுதினால் ஏணியோடு ஒருவன் வருவான்,
முள்ளைச் சரிசெய்துவிட்டுப் போவான்.

எழுதவில்லை.