ஏழரை மணி

வாடகைப் பத்திரத்தில் பதினோராவது ஷரத்து:
இரவு ஒன்பதுக்கு மேல் மிக்சி, துணி துவைத்தல்,
சுவரில் ஆணி அடித்தல் கூடாது.
கையெழுத்துப் போடும்போது சிரிப்பு வந்துவிட்டது.

ராயபுரத்தில் எங்கள் படுக்கையறைச் சுவருக்கு
அந்தப் பக்கம் ஐஸ் உடைக்கிற கொட்டகை.
விடிய விடிய உடைப்பார்கள்.
அந்தச் சத்தத்துக்குள்தான்
இரண்டு பிள்ளைகளைப் பெற்றேன்,
இலாகா பரீட்சைக்குப் படித்தேன்,
விவாகரத்து நோட்டீசை
மூன்று முறை வாசித்துப் புரிந்துகொண்டேன்.

இப்போது தேவகோட்டை, மாற்றல்.
ஆறாம் வீதியில் மாடிப் போர்ஷன்.
இந்த வீதியில் பாதி வீடுகளுக்கு முதுகு மட்டும்தான்,
முகம் ஐந்தாம் வீதியில்.
நீளநீளச் சுவர்கள்,
நடுநடுவே பூட்டிய பின்கதவு,
பூட்டின்மேல் போன வருஷத்துக் குளவிக்கூடு.

எதிர் வீட்டுக் குக்கர் மூன்றாம் விசில் கொடுத்தால்
என் அடுப்பை அணைக்க எழுந்து போகிறேன்.

முதல் வாரம் தூக்கமே இல்லை.
பிறகு செல்போனில் ஒரு வழி கண்டுபிடித்தேன்:
பழைய மின்விசிறிச் சத்தம், எட்டு மணி நேரம்.
ஓடுகிற மின்விசிறிக்குக் கீழே
இன்னொரு மின்விசிறியைக் கேட்டபடி
படுத்திருந்தேன்.

அக்கம்பக்கத்தை எனக்குக் காதால்தான் தெரியும்.
இடது வீட்டு சாத்தப்பன் என்றால்
ஐந்து நாற்பதுக்கு இருமுகிற கேட்.
உமையாள் ஆச்சி என்றால்
வாசலில் நான்கு வீச்சுத் தண்ணீர்.
கடைசி வீட்டுப் பையன்
பின்னால் எடுக்கும்போது மட்டும் பாடுகிற கார்.

கடல் இந்த வீதிக்கு ஏழரை மணிக்கு வரும்.
தொண்டியிலிருந்து, எக்ஸெல் வண்டியில்,
நாற்பது கிலோமீட்டர் சொச்சம்.
சவரியடிமை ஹாரன் அடிக்கமாட்டார்.
தராசுத் தட்டில் கத்தியால் இரண்டு தட்டு.
கேட்டுகள் திறக்கும்.
யாரும் பேசுவதில்லை.
விரலை மடக்கிக் காட்டினால் அரைக் கிலோ.
பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகி
சிமெண்ட் ரோட்டில் ஒரு கோடு போகும்,
எட்டு மணிக்குக் காய்ந்துவிடும்.
எங்கள் கடற்கரை அவ்வளவு அகலம்தான்.

சித்திரை இரண்டாம் நாள்.
ஏழரைக்குக் கேட்டுகள் திறந்தன.
பாத்திரங்களோடு நின்றோம்,
பூனைகளும்.
ஏழு முப்பத்தெட்டு.
முதலில் உள்ளே போவது யார் என்று தெரியாமல்
எல்லாரும் தெருமுனையையே பார்த்தோம்.

"தடைக்காலம்ல," என்றார் உமையாள் ஆச்சி.
"நேத்தே சொன்னாரே அந்த மனுசன்."
"அறுபத்தோரு நாள்," என்றான் கார்ப் பையன்.
"மீனும் முட்டை போடணுமில்ல."
வெறும் கிண்ணத்தை ஒரு கையிலிருந்து
மறு கைக்கு மாற்றிக்கொண்டு
சாத்தப்பன் என் பக்கம் திரும்பினார்.
அவர் குரலை அப்போதுதான் கேட்கிறேன்.
கேட்டை விட மெல்லிசு.

"தப்பா நினைக்கக் கூடாது.
ராத்திரியில உங்க ஃபேன்
ரொம்பச் சத்தம் போடுது.
பேரிங் போயிருக்கும்.
நம்ம ஆளு ஒருத்தன் இருக்கான், அனுப்பவா?"

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.
செல்போன் என்று சொல்ல
அதைவிட வரவில்லை.
"அனுப்புங்க," என்றேன்.

சாயங்காலம் ஏணியோடு ஒருவர் வந்தார்.
இறக்கைகளைக் கழற்றித் துடைத்தார்,
காதை வைத்துக் கேட்டார்,
என்னைப் பார்த்தார்,
மறுபடியும் மின்விசிறியைப் பார்த்தார்.
பேரிங் புதுசு போல இருக்குதாம்.
நூற்றைம்பது ரூபாய் கொடுத்தேன்.

அன்று செல்போனை அணைத்துவிட்டுப் படுத்தேன்.
இரண்டு மணி வாக்கில்
சுவருக்கு அந்தப் பக்கம் சாத்தப்பன் புரண்டு படுப்பதும்
தண்ணீர்ச் செம்பைத் தேடுவதும்
கேட்டது.

மறுநாள் ஏழரைக்கு நான் இறங்கவில்லை.
மாடியிலிருந்து பார்த்தேன்.
கேட்டைத் திறந்தார்,
தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார்,
பூனைகளிடம் ஏதோ சொன்னார்,
என் ஜன்னலை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு
உள்ளே போனார்.

கையில் கிண்ணம் இல்லை.