பலர்பால்

பிரேமலதா அக்காவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிடுமாம்.
தோ பாயோ பலதுறை மருந்தகத்தின் பின்னால்
காப்பிக் கடையில்
மீன் உருண்டையைக் குத்திக்கொண்டே சொன்னார்:
"அந்த ஃபிசியோ ஃபைருஸ் இருக்கானே,
ஆளு ஒரு மாதிரி.
நகத்தப் பாரு. நடையப் பாரு.
என் மூக்குக்குத் தப்பாது."

ஃபைருசுக்கு மூன்று பிள்ளைகள்.
நகத்தை ஒட்ட வெட்டுவது
அடுத்தவர் முதுகில் கீறல் விழாமலிருக்க.
நடை, தேசிய சேவையில் முட்டி போனதால்.
இதையெல்லாம் நான் சொல்லவில்லை.
அதே மூக்குக்கு ஒரு முழம் எதிரே
ஆறு வருடமாக உட்கார்ந்து
தவ்கூ மென்றுகொண்டிருக்கிறேன்.

அக்காவைச் சொல்லிக் குற்றமில்லை.
எனக்கும் ஒரு மூக்கு உண்டென்று நம்பியிருந்தேன்.
அது மோப்பம் பிடிப்பது இலக்கணத்தில்.

மலாய்க்காரர்களுக்கு ‘டியா’ போதும், ஆணோ பெண்ணோ.
சீனத்தில் ‘தா’,
எழுதினால்தான் வேறு, காதுக்கு ஒன்று.
என் மொழி மட்டும்
வினைச்சொல்லின் வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான்
உள்ளே விடும்:
வந்தானா, வந்தாளா?

அதனால் பதினோரு வருடமாக
என் வீட்டுக்கு ‘அவங்க’ வருகிறார்கள்,
‘அவங்க’ சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள்.
ஒருத்தி, பலர்பாலில்.
கேட்பவர்கள் அதைப்
புருஷனுக்குத் தரும் மரியாதையாக எடுத்துக்கொண்டார்கள்.
யாரும் பார்த்ததில்லை என்பதால்
கப்பலில் வேலை என்று யாரோ முடிவு செய்தார்கள்.
நான் மறுக்கவில்லை.

பிப்ரவரியில் கோகிலவாணி வந்தார்,
எக்ஸ்ரே பிரிவுக்கு.
"அவங்களுக்குக் காய்ச்சல், அதான் லேட்டு."
"ஏசிய அணைக்க விடமாட்டாங்க."

காது கொடுத்துக் காத்திருந்தேன்.
கல்யாணமானவர்கள் கோபத்தில் வழுக்குவார்கள்.
மின்கட்டணம் வரும் வாரத்தில்
‘அவங்க’ ‘அந்த மனுசன்’ ஆவார்,
இன்னும் சூடேறினால் வெறும் ‘அவன்’.
கோகிலவாணி வழுக்கவில்லை.
ஒருநாள் கண் சிவந்து வந்தவர்
"ராத்திரி முழுக்கக் கதவப் பூட்டிக்கிட்டாங்க"
என்று அழுதபோதுகூட
அந்த விகுதி கலையாமல் இருந்தது.
உள்ளங்கை வேர்த்துவிட்டது எனக்கு.
பாம்பின் கால் பாம்பறியும்.

ஈய அங்கிகள் தொங்கும் அறையில்
இருவர் மட்டும் இருந்த ஒரு மழை மதியத்தில் சொன்னேன்:
"எங்க வீட்லயும் இப்படித்தான், கோகிலா.
நமக்குள்ள என்ன இருக்கு."
‘எங்க’விலிருந்து ‘நம’வுக்கு வர
எனக்கு ஆறு மாதம் ஆகியிருந்தது.

அவர் விழித்தார்.
"உங்க வீட்லயுமா? அக்காவா?
எங்க அக்காவுக்கு மூளைக் காய்ச்சல் வந்து
பத்தொன்பது வருசம்.
இப்ப என்னையே யாருங்கறாங்க.
மூத்தவங்க இல்லையா,
அவ இவன்னு சொல்ல மனசு வரல."

அவ்வளவுதான் என் மூக்கு.
பிரேமலதா அக்காவுடையதைவிட
அரை அங்குலம்கூட நீளமில்லை.
அவருடையது நகத்தில் தவறியது,
என்னுடையது ஒரு நோயாளியின் படுக்கையருகே.

"உங்க வீட்ல யாரு?"
நிஜமாகவே கேட்டார்,
கையில் பாதி மடித்த அங்கியோடு.

கப்பல் தயாராகத்தான் நின்றது.
ஒரு சொல் சொன்னால் நங்கூரம் தூக்கிவிடும்.
வெளியே எண் நூற்றிருபத்தேழை
மூன்றாம் முறையாக அழைத்தார்கள்.

"சியூ யென்" என்றேன்.
"ஏசிய அணைக்கவே மாட்டா."

மாட்டா.
வாலோடு வந்து விழுந்தது வினைச்சொல்
இருவருக்கும் நடுவில்.

மூச்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டு
விடச் சொல்ல மறந்தவர்போல
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார் கோகிலவாணி.
அங்கியைக் கொக்கியில் மாட்டினார்,
சுருக்கம் நீவினார்.

பிறகு கேட்டார்:
"கரண்டு பில்லு எவ்வளவு வரும்?"