நூற்றைம்பது எழுத்துக்குள்

கல்கரியில் மைனஸ் இருபத்தாறு.
ஆறாம் மாடியில் ஹீட்டர் முனகுகிறது.
தவயோகனின் அகதி விசாரணையை
இயந்திரம் கேட்டு, பெயர்த்து, எழுதி முடித்துவிட்டது
நான் கோப்பியை ஆற்றுவதற்குள்.
என் வேலை சரி, பிழை. இரண்டு பொத்தான்.

பதினேழாம் பக்கத்தில் மஞ்சள் கோடு:
"புறப்படும்போது மனைவியிடம் என்ன சொன்னீர்?"
"போட்டு வாறன் எண்டு சொன்னனான்."
அதன் கீழே இயந்திரத்தின் கணிப்பு:
திரும்பிச் செல்லும் எண்ணம் உடையவர்.
ஊரில் ஆபத்து, குறைவு.

பெயர்ப்பில் பிழையில்லை.
போவது போவதுதான். வருவது வருவதுதான்.

ஆனால்
பால் வாங்கப் போகும்போதும் அதைத்தான் சொல்லுவோம்,
ஆஸ்பத்திரிக்கும், மறியலுக்கும்,
கப்பலின் அடித்தட்டுக்கும்.
வெறுமனே "போறன்" என்றவரை
வாசலில் மறித்து, இருத்தி,
ஒரு மிடறு தண்ணீர் கொடுத்து
திருப்பிச் சொல்லவைப்போம்.

இதைக் குறிப்புப் பெட்டியில் எழுதினேன்.
நூற்றைம்பது எழுத்துக்கு மேல் ஏற்காதாம்.
பாலை வெட்டினேன். தண்ணீரை வெட்டினேன்.
கப்பலை வெட்ட மனமில்லை, அதையும் வெட்டினேன்.

பிழை என்று அழுத்தினேன்.
காரணத்தைத் தேர்ந்தெடுக்கவும், என்றது.
ஒலி தெளிவில்லை.
எழுத்துப்பிழை.
பட்டியலில் வேறொன்றும் இல்லை.