தடைக்காலத்துக்கு என்ன படிக்கலாம்

படகுகளைக் கட்டிப் போட்டாயிற்று.
அறுபத்தொரு நாள்.
ஐஸ் கம்பெனி அரைவை இயந்திரம்
தொண்டையைச் செருமிவிட்டு நின்றது.
டோக்கன் கிழிக்கிறவனுக்கு வேலை இல்லை.
வழக்கம்போல
மீன்பெட்டியில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு
பாம்பன் தெற்குவாடியில் உட்கார்ந்திருக்கிறேன்.
எல்லாம் விஞ்ஞானக் கதைகள்.
குடும்பக் கதை வேண்டுவோர்
தத்தம் வீட்டுக்குப் போகலாம்.

சூசைமரியான், இந்தத் தடிப் புத்தகம் உனக்கு.
இரண்டு நிலவு உள்ள ஒரு கோள்.
வெள்ளம் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று
நாற்பது பக்கத்துக்குச் சண்டை போடுகிறார்கள்.
போன வருசம் நீதானே சொன்னாய்,
"விண்கப்பல்ல ஒருத்தனுக்கும் வாந்தி வரல,
எழுதுனவன் கடலுக்கே போனதில்ல" என்று?
இதில் வருகிறது.
நூற்றுப் பதினேழாம் பக்கம்.
அதுவரை இழுக்கும். பொறுத்துக்கொள்,
கச்சான் காற்றில் கரை பிடிக்கிற மாதிரி.

மீரா லெப்பை கேட்கிறார்:
வேற்றுக்கோள்காரர்கள் ஏன் எப்போதும்
பெரிய நகரமாகப் பார்த்தே இறங்குகிறார்கள்?
நியாயம்தான்.
இங்கே இறங்கினால்
அடையாள அட்டை கேட்போம்,
அப்புறம்
எந்தப் பக்கத்திலிருந்து வந்தாய் என்று கேட்போம்.
அவருக்கென்று மெல்லிசாக ஒன்று வைத்திருக்கிறேன்.
வந்தவர்கள் யாரையும் சுடுவதில்லை.
உப்பு வாங்குகிறார்கள்.
பேரம் பேசத் தெரியாமல்
மூன்றாம் அத்தியாயத்திலேயே
கப்பலை அடகு வைத்துவிடுகிறார்கள்.

கால இயந்திரக் கதைகளை மட்டும்
இந்த ஊரில் நான் யாருக்கும் எடுத்துக் கொடுப்பதில்லை.
ஒவ்வொருவர் கையிலும் ஒரு தேதி இருக்கிறது.
கேட்டால், கரையான் அரித்துவிட்டது என்பேன்.

இன்னொரு சட்டமும் உண்டு.
எவ்வளவு கெஞ்சினாலும்
முடிவைச் சொல்ல மாட்டேன்.
சொன்னவனை நானே
ஒரு தடைக்காலம் முழுக்க
பெட்டிப் பக்கம் சேர்க்காமல் வைத்திருக்கிறேன்.

முந்தாநாள் நம்புசெல்வி வந்தாள்.
எல்லை தாண்டியதாக மாசியில் பிடிபட்ட படகில்
அவள் வீட்டுக்காரரும் ஒருவர்.
பதினான்கு நாளுக்கொரு வாய்தா.
பெட்டியின் அடிவரை கிளறி
அட்டை போன ஒன்றை உருவினாள்.
ஐந்து பேர் போகிற கதை.
எங்கேயும் கோடு கிழிக்காத கருத்த வெளியில்
கருவி பழுதாகி
யார் பக்கம் என்று தெரியாத ஓர் இடத்தில்
மாட்டிக்கொள்கிறார்கள்.

நல்லா இருக்குமா என்று கேட்கவில்லை,
பெரிய எழுத்தா என்றும் கேட்கவில்லை.
"திரும்பி வந்துர்றாங்களா?"

டோக்கன் நோட்டை
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டினேன்.
ஒன்றும் எழுதியிருக்கவில்லை.
"வந்துர்றாங்க."
"அஞ்சு பேருமா?"
"அஞ்சு பேரும்."

முந்தானையில் சுற்றி எடுத்துப் போனாள்,
சுடுசோறு போல.

இன்று காலை அவள் பையன்
புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினான்.
கடைசி அத்தியாயத்துக்கு முன்னால்
ஒரு குச்சி ஐஸ் குச்சி.
"அம்மா முடிச்சிருச்சா?"
"இல்ல. மிச்சத்த
அப்பா வந்தப்பறம் படிக்குமாம்.
வேற யாருக்கும் குடுத்துறாம
நீங்களே வச்சிருக்கணுமாம்."

நான்கு பேர்தான் வருவார்கள்.
ஐந்தாமவனுடைய இருக்கைப் பட்டையை
ஒருத்தி மாட்டிவிட்டு உட்காருவாள்,
ஆள் இருப்பதுபோல.
நான் வாசித்ததிலேயே
ஆகச் சிறந்த பக்கம் அது.
இருபது வருசமாக
யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று
நாக்கு துடித்த பக்கம்.

மேசை இழுப்பறையில் பூட்டிவிட்டேன்,
குச்சியோடு.

வெயில் ஏறிவிட்டது.
சூசைமரியான் தடிப் புத்தகத்தைக்
கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறான்.
"அந்த அட்டை இல்லாதது எங்க?
எதோ அஞ்சு பேரு போவாங்களாமே?"

"வேஸ்ட்டு," என்கிறேன்.
"பாதியிலேயே தூக்கம் வரும்.
நீ நூத்திப் பதினேழப் பாரு."