ஐந்து மீற்றர் பிழை

பெட்டிக்குள் ஒரு கிலோ ரிப்பன் கேக்.
திருநெல்வேலிச் சந்தியில் ஏற்றி
வடக்கே அரை மணித்தியாலம்.
ஹெல்மெற்றுக்குள் ஒருத்தி
"பெயரிடப்படாத சாலையில் திரும்பவும்" என்கிறாள்.
எங்களுக்குச் சாலையென்றால் பஸ் டிப்போ.
இது ஒழுங்கை.
இதற்கும் ஒரு பெயர் இருந்திருக்கும்,
கேட்கத்தான் ஆளில்லை.

கட்டுவனில்
சிவப்புக் குண்டூசி குத்தி நின்ற இடத்தில்
கேற் இல்லை, நாய்கூட இல்லை.
விடத்தல், நாயுருவி,
பாதி தூர்ந்த கிணற்றுக் கட்டு.
"வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்றவள்
அதன்பிறகு வாய் திறக்கவில்லை.

ஃபோன் அடித்தது. கனடா இலக்கம்.
"தம்பி, ஏன் நாலு நிமிசமா ஒரே இடத்தில நிக்கிறீர்?"

எங்க நிக்கிறாய் என்றுதான் இந்த ஊர் கேட்கும்.
மதகடியில் நின்றுகொண்டு
சந்திக்கு வந்திட்டன் என்று
எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.
ஏன் நிக்கிறீர் என்று,
தனக்கு நடுச்சாமமான ஓர் இடத்திலிருந்து
ஒருவர் கேட்பது இதுதான் முதல் தரம்.

"அண்ணை, இங்க வீடில்லை."
"தெரியும். கொஞ்சம் உள்ளுக்கு வாரும்."
கேக்கை நெஞ்சுயரத்தில் பிடித்தபடி போனேன்.
"இடக்கைப் பக்கம். ம்... இப்ப விறாந்தை.
இன்னும் ரெண்டு எட்டு. நில்லும்.
அது சாமியறை, செருப்பைக் கழட்டும்."
முழுக்க முள்.
கழற்றினேன்.

அவருடைய திரையில் நான் ஒரு நீலப் புள்ளி.
புள்ளியைச் சுற்றி வெளிறிய வட்டம்:
ஐந்து மீற்றர் பிழை வரலாமாம்.
வேலிக் கதியால் அரை அடி நகர்ந்ததற்கு
பன்னிரண்டு வருசம் வழக்காடுகிற ஊரில்
ஐந்து மீற்றர்!
நான் நிற்பது சாமியறையிலோ
அயல் காணியின் மாட்டுக் கொட்டிலிலோ
செய்மதிக்கே நிச்சயமில்லை.
அதை நான் சொல்லவில்லை.

"குசினிக்குப் போம். யன்னலால என்ன தெரியுது?"
யன்னல் இருந்திருக்கக்கூடிய வெளியால் பார்த்தேன்.
ஒரு மின்கம்பம். அதற்கப்பால் முள்ளுக்கம்பி.
கம்பிக்கு அப்பால் என் திரையில்
வெறும் சாம்பல் நிறம்,
வீதி இல்லை, கோயில் இல்லை, ஒரு எழுத்தும் இல்லை.
"மின்கம்பம் ஒண்டு. புதுசு."
"ஓ" என்றார்.
பிறகு கனநேரம் இரைச்சல் மட்டும்.

"கேக்கை ஆரிட்டக் குடுக்கிறது?"
"உமக்குப் பிள்ளையள் இருக்கோ?"
"ஒண்டு. ரெண்டு வயசு."
"வெட்டிக் குடும். பேரை மட்டும் வழிச்சுப்போட்டு."

மூடியை நீக்கினேன்.
ரோஸ் ஐசிங்கில்: தவபாலன், 60.
ஓடர் போட்டவரின் பெயரும் அதுவேதான்.

பெறுநர் கிடைத்தாரா என்று செயலி கேட்டது.
ஓம், இல்லை, இரண்டு பொத்தான்கள்தான்.
ஓமை அழுத்தினேன்.

திரும்ப ஃபோன். இம்முறை மனுசி.
"எங்க நிக்கிறியள்?"
"குசினியில" என்றேன்,
வெறுங்காலில்.
"ஆற்ற குசினியில?"