ஆறு சுளை

மங்குஸ்தான் பருவத்தில், வியாழன்தோறும்,
ஜெலுத்தோங் சந்தையில் கடை கட்டும் நேரம்
சன்னாசி அண்ணன் ஒரு பை தோல் எடுத்து வைத்திருப்பார்.
சுளையைப் பெட்டியில் அடைத்து விற்கிறவர்.
"குப்பைக்கு எதுக்கும்மா காசு?"

நாக்கு துவர்ப்பு என்பதை
ஆய்வுக்கூடத்தில் பாலிஃபீனால் என்கிறோம்.
உலர்த்தி, இடித்து, மெத்தனாலில் ஊறவைத்து
ஒரு சொட்டை ஊதாக் கரைசலில் விட்டு
அரைமணி இருட்டில் வைத்தால்
ஊதா வெளிறி மஞ்சளாகும்.
துணையில்லாத எலக்ட்ரானோடு
கண்ட கதவை உடைக்கத் திரிந்த ஒன்றுக்கு
தோல் தன்னிடமிருந்ததைக் கொடுத்து
உட்காரவைத்துவிட்டது என்று பொருள்.
எத்தனை முறை பார்த்தும்
அந்த மஞ்சளுக்கு நான் இன்னும் பழகவில்லை.

புற்றணுக்கள் வளரும் தட்டிலும் விட்டோம்.
நாற்பத்தெட்டு மணி நேரம்.
ஒட்டிக்கிடந்தவை சுருங்கி, உருண்டு, மிதந்தன.
மெய் ஃபூன் கைதட்டினாள்.

போன வியாழன்
பையின் ஒரு காதை அவர் விடவில்லை.
"அஞ்சலைக்கு மார்ல.
ஜி.எச்.ல மூணாவது ஊசி முடிஞ்சிருக்கு.
இந்தத் தோலக் காய்ச்சிக் குடுத்தா கேக்குமா?"

தட்டுக்குக் குடல் இல்லை அண்ணே, ஈரல் இல்லை.
குடித்தால் பாதி அப்படியே போகும்,
மீதியை ஈரல் உருமாற்றிச் சிறுநீரில் அனுப்பும்.
ஊசி மருந்து மூட்டுகிற தீயை
இது அணைத்தாலும் அணைக்கலாம்.
டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

"அப்ப எதுக்கு அஞ்சு வருசமா அள்ளிட்டுப் போறீங்க?"

கோபமாகக் கேட்டிருந்தால்
ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஒரு பழத்தை எடுத்துத் திருப்பினேன்.
அடியில் ஆறு இதழ் வடு.
உடைக்க வேண்டாம், எண்ணினால் போதும்,
உள்ளே ஆறு சுளை.
உள்ளிருப்பதை வெளியே எழுதி வைக்கும் பழம்.
அஞ்சலையின் உடம்பில்
அப்படி எங்கும் எழுதியிருக்கவில்லை,
ஸ்கேன் வரும்வரை.

"டாக்டர் சரின்னா சுளை குடுங்க" என்றேன்.
"வாய்க் கசப்பாவது கொஞ்சம் அடங்கும்."
அவர் பையை விட்டார்.

இன்று பைக்குமேல் தனியாக ஒரு பொட்டலம்.
கத்தி படாத, கையால் பிளந்த தோல்கள்.
"வீட்டுது. நேத்து ஆறு பழம் தின்னுச்சி.
ஒண்ணையும் வாந்தி எடுக்கல."

அதையும் தராசில் வைத்தேன்.
முந்நூற்று நாற்பது கிராம்.
மூலம் என்ற கட்டத்தில்
என்ன எழுதுவதென்று
பேனா இன்னும் நிற்கிறது.