இறக்காத சாரம்

முதல் சில்லில் ஒன்றுமில்லை.
இரண்டாவதிலும்
"நாட்பட்ட வீக்கம்" என்று எழுதி மேலே அனுப்பினோம்.
மூன்றாம் முறை ஆழமாய்க் கிள்ளி எடுத்தார்கள்.
மெழுகில் பதித்து, முடியளவு சீவி,
ஊதாவிலும் ரோஜாவிலும் முக்கி,
ரங்கூனில் அன்று நாலாவது தடவையாய்ப் போன கரண்டுக்குப் பதில்
ஜெனரேட்டர் சீராய் உறுமும்வரை காத்திருந்து
மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன்.

சீட்டில் ஊ டின் சோ.
ஐம்பத்தோராம் தெருவில் எல்லாருக்கும்
சன்னாசி அண்ணன். சாரம் கட்டுகிறவர்.
மூங்கிலும் கயிறும் தவிர
வேறெதையும் நம்பாதவர்.

குற்றவாளிகளைக் கூட்டமாய்த் தேடினேன்.
கூட்டம் இல்லை.
அங்கொன்று இங்கொன்று,
உட்கரு ஓரத்துக்கு ஒதுக்கப்பட்டு
முத்திரை மோதிரம்போல் இருக்கும் செல்கள்,
சந்தை நெரிசலில் தனித்தனியாய் நடக்கும்
ஜேப்படிக்காரர்கள் மாதிரி.

மற்றதெல்லாம் நார்.
நாரும், நாரை நெய்கிற செல்களும்.
நீளமாய், கதிர்போல், வரிசை வரிசையாய்,
அடக்கமானவை.
நான் படித்த பாடத்தில் இவற்றின்மேல் புகாரே கிடையாது.
புண் என்றால் முதலில் ஓடிவரும்,
கிழிந்ததை இழுத்துக் கட்டும்,
வேலை முடிந்ததும் கலைந்துபோகும்.

இந்த முறை கலையவில்லை.
உள்ளே யாரோ விடாமல் கூப்பிட்டிருக்கிறார்கள்,
புண் ஆறவில்லை, இன்னும் ஆறவில்லை என்று.
அது பொய்யும் இல்லை.
வந்தவை சுவர் எழுப்பின.
பிடிக்க வந்த வெள்ளணுக்கள்
வாசல் புரியாமல் வெளியே நின்றன.
உள்ளிருந்தவனுக்குச் சோறு போனது.
அவன் ஊர்ந்து போக
இழைகளை இழுத்து நேராக்கிப்
பாதையும் போட்டுக் கொடுத்தன.

இரைப்பை தோல் பை ஆகிவிட்டது. விரியாது.
அதனால்தான் நாலு மாதமாய்
இரண்டு வாய் மொஹிங்காவில்
"போதும், நெறஞ்சிருச்சு" என்று
கிண்ணத்தை நகர்த்தியிருக்கிறார்.
தன் கைப்பக்குவத்தைத்தான் குறை சொல்கிறார் என்று
சிவபாக்கியம் அக்கா மூன்று நாள் பேசவில்லையாம்.

டீ நேரத்தில் ஸெயா கேட்டான்,
அந்த உதவிக்காரர்களையே அழித்துவிட்டால் என்ன?
டாக்டர் கின் மியா கோப்பையைக் கீழே வைத்தார்.
அழித்துப் பார்த்தார்களாம் எங்கோ,
எலிகளில். இரைப்பை இல்லை, கணையம்.
நோய் அடங்கவில்லை,
அவிழ்த்துவிட்ட மாடாய் ஓடியதாம்.
சிலது தூண்டுகிறது, சிலது பிடித்து நிறுத்துகிறது.
சாயத்தில் இரண்டும் ஒரே ரோஜா.

எனக்கு லான்மடோவில் அந்த மாடிவீடு நினைவு வந்தது.
சொந்தக்காரர் பாதியில் ஓடிப்போன வீடு,
பன்னிரண்டு மழைக்காலமாய்ச் சாரத்தோடு நிற்கிறது.
மூங்கில் கறுத்து,
முடிச்சு இடுக்கில் அரசங்கன்று முளைத்து.
பஸ்ஸில் போகும்போது ஒருநாள் சன்னாசி அண்ணன் காட்டினார்:
"என் மூங்கில்தான்மா. கழட்டிக்கறேன்னா
முனிசிபல்காரன் வேணாங்கறான்.
இப்ப எது எதத் தாங்குதுன்னு யாருக்குத் தெரியும்?
ஏத்துறப்ப ஆளு விழுறதில்ல.
எறக்குறப்பதான்."

ரிப்போர்ட் வாங்க அவரே வந்தார்.
லோன்ஜி ஒரு சுற்று அதிகம் சுற்றியிருந்தது.
சொல்லும் உரிமை எனக்கில்லை.
டாக்டர் வரட்டும், உட்காருங்கள் என்றேன்.
அவர் உட்காரவில்லை.
என் முக்காலி ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.
எழுந்திரு என்று கையசைத்தார்.
மடியிலிருந்து ஒரு முழக் கயிறு.
குனிந்தார், நடுவில் ஒருமுறை மூச்சு வாங்கினார்,
கால் மூன்றையும் குறுக்கே பிணைத்து
பல்லால் இழுத்து முடிந்தார்.

மேசையில் உறை இருந்தது.
"ஒக்காந்து பாரு" என்றார்.

உட்கார்ந்தேன்.
ஆடவில்லை.